டிகாஷனுக்கும் ஒரு கூட்டுறவு வேண்டும்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தோழர்களுக்கு ஓர் அறைகூவல்

தோழர்களே!

காலை ஷிப்டுக்கு முன் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஒன்று. அம்பத்தூர் எஸ்டேட்டிலும், ஆவடி தொழிற்சாலை வாசல்களிலும், பூந்தமல்லி பஸ் நிலையத்திலும் நாம் குடிக்கிற காப்பிக்குக் காசு கொடுக்கிறோம். அந்தக் காசு யாரிடம் போய்ச் சேருகிறது?

பாலின் பங்கைக் கேட்டால் பதில் சொல்லிவிடலாம். கிராமத்துச் சங்கத்தில் பால் ஊற்றுகிறவருக்குக் கொள்முதல் விலை இன்னதென்று அரசு அறிவிக்கிறது. 2023 டிசம்பரில் பசும்பால் லிட்டருக்கு 35 ரூபாய். அந்த மாதத்திலிருந்து அதன்மேல் 3 ரூபாய் ஊக்கத்தொகை. விற்கும் விலை கவரிலேயே அச்சாகியிருக்கிறது. இடையில் என்ன நடக்கிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். ஆவினில் குறை இல்லாமல் இல்லை. பணம் தாமதமாகிறது, விலை போதவில்லை என்று பால் உற்பத்தியாளர்கள் தெருவுக்கு வந்து போராடுகிறார்கள். ஆனால் யாரிடம் போராடுவது என்று அவர்களுக்குத் தெரிகிறது. கேட்க ஒரு சங்கம் இருக்கிறது. நம் அம்பத்தூரில் நிற்கும் பால்பண்ணை அந்த நீண்ட சங்கிலியின் கடைசிக் கண்ணிகளில் ஒன்று.

அதே தம்ளரில் இருக்கும் டிகாஷனுக்கு? எந்த மலையில் விளைந்தது, யார் பறித்தது, கிலோவுக்கு என்ன வாங்கினார், ஒன்றும் தெரியாது. பாலுக்கு ஒரு சங்கம் உண்டு. டிகாஷனுக்கு நாதி இல்லை. இந்த நிலையை மாற்ற வேண்டும், மாற்ற முடியும், அதில் மேற்குப் புறநகரின் பங்கு பெரியது என்று சொல்லத்தான் இந்த அழைப்பு.

மலையில் இருப்பவர் யார்?

தமிழ்நாட்டுக் காப்பி விளைவது சேர்வராயன் மலையில் ஏற்காட்டைச் சுற்றி, கொல்லிமலையில், ஜவ்வாது மலையில், கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர் பக்கம், சிறுமலையில், நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி பக்கம். கர்நாடகம், கேரளத்துக்கு அடுத்த மூன்றாம் இடம் நம்முடையது. காப்பித் தோட்டம் என்றதும் துரையும் பங்களாவும் நினைவுக்கு வருவது வழக்கம். அந்தக் கதை உண்மைதான். ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். ஆனால் இன்றைய நிலவரம் வேறு. 10 ஹெக்டேருக்கு உட்பட்டவர்களைக் காப்பி வாரியம் சிறு விவசாயி என்கிறது. நாட்டின் காப்பி விவசாயிகளில் நூற்றுக்கு 98 பேருக்கு மேல் இந்த வகை. 10 ஹெக்டேர் என்பதே 25 ஏக்கர். மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் பலவற்றின் கையில் இருப்பது ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர். நிழலுக்குச் சில்வர் ஓக், அதில் ஏறும் மிளகு, ஊடே மலைவாழை, கீழே காப்பி. இதுதான் அவர்களுடைய காப்பிக்காடு.

நவம்பரில் பழம் சிவக்கத் தொடங்கும். ஜனவரி, பிப்ரவரி வரை பறிப்பு ஓடும். பறித்த பழத்தை அன்றைக்கே பல்பரில் போட்டுத் தோலுரித்து, ஊறவைத்து, கழுவி, களத்தில் காயவைத்தால் பார்ச்மெண்ட் கிடைக்கும். அதை க்யூரிங் ஆலையில் உடைத்துத் தரம் பிரித்தால் பச்சைக் கொட்டை. சுமார் 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ பச்சைக் கொட்டை. வறுத்தால் அது 830 கிராம் அளவுக்குக் குறையும். ஒவ்வொரு படி ஏறும்போதும் விலை ஏறும். சிறு விவசாயியால் அந்தப் படிகளில் ஏற முடிவதில்லை. பல்பர் இல்லை; சிமெண்ட் களம் இல்லை; தார்ப்பாயும் பற்றாது; மழை வந்தால் மொத்தமும் பூஞ்சை. பழத்தை இரவு வைத்திருந்தால் புளித்துவிடும். ஆகவே சாலையோரத்தில் தராசோடு நிற்கிறவர் சொன்ன விலைக்கு, சொன்ன எடைக்கு, பழமாகவே தள்ளிவிட்டு வீடு திரும்புகிறார்.

அந்தத் தராசுக்காரரிடமே போக வேண்டிய கட்டாயம் நவம்பரில் உருவாவதில்லை. உரம் வைக்கவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் பணம் தேவைப்படும் மாதங்களில் முன்பணமாக உருவாகிறது. காசை வாங்கியவர் விளைச்சலை வேறு யாருக்கும் விற்க முடியாது. பழம் பச்சையாக இருக்கும்போதே அதன் விலை முடிந்துபோகிறது.

விலை ஏறினால் யாருக்கு லாபம்?

"காப்பி விலைதான் தாறுமாறாக ஏறிவிட்டதே, விவசாயி நன்றாகத்தானே இருப்பார்?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. அதுவரை காணாத உச்சம். பிரேசிலின் வறட்சி அதற்கு முக்கியக் காரணம். ஆனால் இதே சந்தையில் 2001 கடைசியில் பவுண்டு 50 சென்டுக்கும் கீழே கிடந்தது. அப்போது மலைக்காடுகளில் பழத்தைப் பறிக்கும் கூலிக்கே விலை கட்டவில்லை.

இந்த ஏற்ற இறக்கம் இயற்கையால் மட்டும் வந்ததில்லை. 1989 ஜூலை வரை சர்வதேசக் காப்பி ஒப்பந்தம் நாடுகளுக்கு ஏற்றுமதிப் பங்கு நிர்ணயித்து விலையைத் தாங்கிப் பிடித்தது. அது உடைந்தது. நம் நாட்டில் 1940களிலிருந்து எல்லார் விளைச்சலையும் ஒரே தொகுப்பில் வாங்கி, தரத்துக்கேற்ப விலை கொடுத்தது காப்பி வாரியம். அந்த முறையில் பணம் தவணை தவணையாகத் தாமதித்து வந்தது என்ற குறை உண்மை. 1990களில் அது படிப்படியாகக் கலைக்கப்பட்டு, 1996இல் முற்றாகச் சுதந்திரச் சந்தை வந்தது. நூறு ஏக்கர்காரருக்கு அது உண்மையிலேயே சுதந்திரம்: கிடங்கில் இருப்பு வைத்து விலை ஏறும் நாளில் விற்பார். இரண்டு ஏக்கர்காரருக்கு வாரியத்தின் இடத்தில் தரகர் வந்தார், அவ்வளவுதான் மாற்றம். இருப்பு வைக்க முடிந்தவருக்கே விலையேற்றம் லாபம். முன்பணம் வாங்கியவருக்கு அது பேப்பரில் படிக்கிற செய்தி.

இன்னொரு நெருக்கடியும் வாசலில் நிற்கிறது. இந்தியக் காப்பியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. அதில் அதிகம் வாங்குவது ஐரோப்பா. 2020க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காப்பியை வாங்க மாட்டோம், ஒவ்வொரு நிலத்தின் இருப்பிடத்தையும் காட்டு என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் செய்தது. இரண்டு முறை தள்ளிவைக்கப்பட்டு, இப்போது 2026 கடைசி என்று நாள் குறித்திருக்கிறார்கள். காட்டைக் காப்பது நல்லதுதான். ஆனால் பட்டாவும் வன உரிமைப் பத்திரமும் கைக்கு வராத பழங்குடிக் குடும்பம், காட்டை ஒருநாளும் அழிக்காத குடும்பம், காகிதம் இல்லாத ஒரே காரணத்துக்காகச் சந்தைக்கு வெளியே தள்ளப்படும் ஆபத்து இருக்கிறது. அப்போது உள்நாட்டில் கைகொடுக்க யார் இருக்கிறார்கள்?

திட்டங்கள் கொடுப்பதும் கொடுக்காததும்

திட்டங்களுக்குக் குறைவில்லை. காப்பி வாரியம் மறுநடவுக்கும் களத்துக்கும் பல்பருக்கும் மானியம் தருகிறது. தாண்டிக்குடியில் வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. மலைகளில் 'லேம்ப்ஸ்' என்ற பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் இன்று மலைக்கிராமங்களிலும் உண்டு. 2020இல் நாடு முழுவதும் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டம் வந்தது.

இவற்றை நாம் இகழவில்லை. போராடிப் பெற்றவையும் இவற்றில் உண்டு. ஆனால் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் ஓட்டை. நாற்று கிடைக்கும், மெஷின் கிடைக்கும், பயிற்சி கிடைக்கும், திறப்பு விழாவும் நடக்கும். வாங்குகிற ஆள் கிடைக்க மாட்டார். வாங்க ஆள் இல்லாத உற்பத்தியாளர் அமைப்பு இரண்டாம் வருடம் பழையபடி அதே வியாபாரியிடம் போய் நிற்கும், பல்பர் துருப்பிடிக்கும். மானியத்தால் அடைக்க முடியாத ஓட்டை இது. ஒவ்வொரு மாதமும் தவறாமல் வாங்குகிற ஒரு கூட்டம்தான் அதை அடைக்க முடியும். அந்தக் கூட்டம் நாம்தான்.

நாம் ஏன்?

தோழர்களே, நம் மண்ணின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். 1955 ஜனவரியில் சோஷலிச பாணிச் சமுதாயம் என்று காங்கிரஸ் தீர்மானம் போட்டது ஆவடியில். அந்தத் தீர்மானத்தில் எவ்வளவு நிறைவேறியது என்று நாம் ஆயிரம் விமர்சனம் வைப்போம். ஆனாலும் அதற்குப் பின் வந்த பத்தாண்டில்தான் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் சிறுதொழில் எஸ்டேட்டும் எழுந்தன. நம் வீடுகளில் அடுப்பு எரிந்தது அதனால்.

எஸ்டேட்டில் ஜாப் ஆர்டர் எடுக்கும் பட்டறைத் தோழரைக் கேளுங்கள். பீஸுக்கு என்ன விலை என்று சொல்வது அவரில்லை, பெரிய கம்பெனி. 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டம் சொல்கிறது. தொண்ணூறு நாள் கழித்து வந்தாலும் வாய் திறக்க முடியாது. அடுத்த ஆர்டர் போய்விடும். தன் உழைப்புக்குத் தான் விலை சொல்ல முடியாத இந்த நிலைதான் மலையில் பழம் விற்பவரின் நிலையும். அவர் வலியை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம்மிடம் பலமும் இருக்கிறது. முதல் பலம் கேண்டீன். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேண்டீன் வேண்டும், அதன் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதி வேண்டும் என்று வகை செய்தது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு 100 பேர் என்கிறது. அந்தத் தொகுப்புகளை எதிர்ப்பதில் நமக்குள் இரண்டு கருத்து இல்லை. ஆனால் கேண்டீன் கமிட்டியில் நமக்குள்ள நாற்காலியைச் சும்மா ஏன் விட வேண்டும்? சாம்பாரில் உப்பு கம்மி என்று சொல்வதோடு அந்த நாற்காலியின் வேலை முடிந்துவிடுவதில்லை.

கணக்குப் போடுவோம். 500 பேர் வேலை செய்யும் ஆலை. ஆளுக்கு இரண்டு காப்பி, தம்ளருக்கு 8 கிராம் தூள். நாளுக்கு 8 கிலோ. 25 வேலை நாளுக்கு 200 கிலோ. வருடத்துக்கு 2,400 கிலோ. நூற்றுக்கு எண்பது காப்பி, இருபது சிக்கரி என்று வைத்தால் காப்பி மட்டும் 1,920 கிலோ. அதற்குப் பச்சைக் கொட்டை சுமார் 2,300 கிலோ. ஏக்கருக்கு 200 கிலோ விளைகிறது என்று கொண்டால் பன்னிரண்டு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அதாவது ஒரே ஒரு கேண்டீன், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஆறு குடும்பங்களின் ஏறக்குறைய முழு விளைச்சலையும் வருடம் தவறாமல் வாங்கிவிடும். இப்போது நம் மூன்று ஊர்களின் கேண்டீன்களையும் டீக்கடைகளையும் குடியிருப்போர் சங்கங்களையும் கூட்டிப் பாருங்கள்.

இரண்டாவது பலம் நம் கைத்திறன். பல்பர் என்பது என்ன? ஒரு சட்டம், ஒரு ஷாஃப்ட், புடைப்பு அடித்த தகடு சுற்றிய ஓர் உருளை, ஒரு புல்லி. டாங்கிக்கும் லாரிக்கும் பாகம் செய்யும் கைகளுக்கு இது பெரிய வேலையா? ஒரு வீட்டுக்கு ஏற்ற சிறிய பல்பர், பத்து வீட்டுக்குப் பொதுவான கொட்டை உடைக்கும் மெஷின், சுய உதவிக் குழுவுக்கு ஏற்ற சிறிய ரோஸ்டர் இவற்றை அம்பத்தூர் லேத்துகள் செய்து, பழுது பார்க்க ஆளையும் அனுப்பினால், மானிய மெஷின் துருப்பிடித்துக் கிடக்கும் கதை முடியும். நமக்கும் பெரிய கம்பெனியை நம்பாத ஓர் ஆர்டர் கிடைக்கும்.

முன்னே நடந்தவர்கள்

இது ஆகாத காரியம் என்பவருக்கு ஆன காரியங்களைக் காட்டுவோம். 1950களில் காப்பி வாரியம் தன் காப்பி ஹவுஸ்களை மூடித் தொழிலாளரை வீட்டுக்கு அனுப்பியபோது, நீங்களே நடத்துங்கள் என்று தூண்டியவர் தோழர் ஏ.கே. கோபாலன். 1957இல் பெங்களூரில் முதல் தொழிலாளர் கூட்டுறவு, அடுத்த ஆண்டு திருச்சூரில் இன்னொன்று. பரிமாறியவர்களே முதலாளிகளான அந்தக் காப்பி ஹவுஸ்கள் கேரளத்தில் இன்றும் நடக்கின்றன. சென்னையில் திருவல்லிக்கேணிக் கூட்டுறவுப் பண்டகசாலை 1904இல் பிறந்தது. நுகர்வோர் சேர்ந்து வாங்குவது நம் ஊருக்குப் புதிதில்லை.

விளைவிப்பவர் பக்கமும் பாருங்கள். ஆந்திரத்து அரக்குப் பள்ளத்தாக்கில் ஆதிவாசிகள் கூட்டுறவாய்த் திரண்டார்கள். 2017இல் பாரிஸில் அரக்குக் காப்பிக்குக் கடை திறந்தது. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஆண்டு குறியீடு பெற்ற ஐந்து காப்பிகளில் தமிழ்நாட்டு மலை ஒன்றுகூட இல்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். நீலகிரியில் பழங்குடியினரே பங்குதாரர்களான ஆதிமலை உற்பத்தியாளர் நிறுவனம் 2013 முதல் தேனையும் காப்பியையும் மிளகையும் தன் பெயரில் விற்கிறது. கூடலூர் ஆதிவாசிகளின் தேயிலையைக் குடிப்பவர்களோடு நேராக இணைக்க 'ஜஸ்ட் சேஞ்ச்' என்ற முயற்சி எழுந்தது. மெக்சிகோவின் ஒவாஹாகா மலைச் சிறு விவசாயிகளின் கூட்டுறவு தந்த தூண்டுதலில்தான் 1988இல் நெதர்லாந்தில் நியாய வணிக முத்திரையே பிறந்தது. இரண்டு முனையிலும் சங்கம் இருந்த இடங்களில் காரியம் நடந்திருக்கிறது.

செய்ய வேண்டியவை

ஒன்று: ஒவ்வொரு சங்கமும் தன் கேண்டீன் கமிட்டியில் இந்த மாதமே தீர்மானம் வைக்க வேண்டும். வருடத் தேவையில் நாலில் ஒரு பங்கையாவது சிறு விவசாயிகளின் கூட்டுறவிடமிருந்தோ உற்பத்தியாளர் நிறுவனத்திடமிருந்தோ நேராக வாங்க வேண்டும். கொடி எதுவானாலும் கோரிக்கை ஒன்றாக இருக்கட்டும்.

இரண்டு: முன்பணம் நம்முடையதாக இருக்க வேண்டும். தரகரின் பணம் மலை ஏறுவதற்கு முன் நம் பணம் ஏற வேண்டும். தொழிலாளர் கடன் சங்கங்களும் குடியிருப்போர் சங்கங்களும் சேர்ந்து, விலையின் ஒரு பகுதியை வட்டியில்லா முன்பணமாகக் கூட்டுறவின் கணக்கில் செலுத்துவோம். தனி ஆளின் கையில் கொடுக்காமல், சங்கத்தின் பெயரில், ரசீதோடு.

மூன்று: வறுப்பது, அரைப்பது, பாக்கெட் போடுவது ஆவடி, பூந்தமல்லி மகளிர் குழுக்களின் வேலையாகட்டும். கொட்டையாக வாங்கினால் வறுக்கும் கூலி நம் பகுதியில் தங்கும். தூளும் புதிதாக இருக்கும்.

நான்கு: பாக்கெட்டில் உண்மை அச்சாக வேண்டும். காப்பி–சிக்கரிக் கலவையில் நூற்றுக்கு 51 பங்கு காப்பி இருந்தால் போதும் என்கிறது சட்டம். மீதி 49 சிக்கரியாக இருக்கலாம். விகிதத்தைப் போட்டாக வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நம் பாக்கெட்டில் விகிதம் பெரிய எழுத்தில் இருக்கும். அதோடு எந்த மலை, எந்தக் கூட்டுறவு, விவசாயிக்குக் கிலோவுக்கு எவ்வளவு என்பதும் இருக்கும். பால் கவரில் பார்க்க முடிகிற கணக்கு காப்பி பாக்கெட்டிலும் தெரியட்டும்.

ஐந்து: ஒப்பந்தத்தில் பறிப்புக் கூலியும் எழுதப்பட வேண்டும். இரண்டு ஏக்கர்காரரும் பறிப்புக்கு ஆள் வைப்பார். அந்த ஆட்களில் பெரும்பாலோர் பெண்கள். குறைந்தபட்சக் கூலி கொடுக்காத காப்பி நமக்கு வேண்டாம். விவசாயிக்கு நியாயம் கேட்டுவிட்டுக் கூலிக்காரப் பெண்ணை மறப்பவர் தோழராக இருக்க முடியாது.

ஆறு: எஸ்டேட் பட்டறைகளில் பல்பர், ரோஸ்டர் செய்ய விருப்பமுள்ளவர்கள் ஒரு குழுவாகச் சேர வேண்டும். மாதிரி ஒன்று மலையேறி ஒரு பருவம் ஓடட்டும். குறையைத் திருத்தி அடுத்ததைச் செய்வோம்.

செலவு எவ்வளவு?

"நல்லதுதான் தோழர், நம் கையைக் கடிக்காதா?" என்பது கடைசிக் கேள்வி. தூளுக்குக் கிலோவுக்கு 50 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று வையுங்கள். தம்ளருக்கு 8 கிராம்; கூடும் செலவு 40 காசு. இரண்டு ஏக்கரில் 400 கிலோ பச்சைக் கொட்டை எடுப்பவருக்கு அது வறுத்த தூளாக சுமார் 330 கிலோ. அந்த 50 ரூபாய் முழுதாக அவர் கைக்குப் போனால் வருடத்துக்கு 16,500 ரூபாய். நமக்கு 40 காசு. அங்கே ஒரு பிள்ளையின் ஹாஸ்டல் செலவு, அடுத்த வருடத்து உரம், தரகரிடம் போகாமலிருக்கும் தைரியம். இதைத் தர்மம் என்று நினைத்துச் செய்தால் ஒரு வருடத்தில் சலித்துவிடும். கொடுக்கல் வாங்கலாகச் செய்வோம். தரம் குறைந்தால் திருப்பி அனுப்புவோம், எடை குறைந்தால் கேட்போம், பணத்தைச் சொன்ன நாளில் கொடுப்போம். 45 நாள் விதியை நமக்கு மீறுகிறவர்கள் மேல் கோபப்படும் நாம், மலைக்காரருக்கு அதை மீறக் கூடாது.

தோழர்களே, பெரிய கம்பெனிகள் மலைக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. ஐரோப்பாவின் சட்டம் நாள் குறித்துவிட்டது. முன்பணம் கைமாறும் மாதம் வந்துகொண்டிருக்கிறது. யோசிப்போம், அடுத்த வருடம் பார்ப்போம் என்றால் இந்த வருடத்துப் பழமும் தராசுக்காரரிடம்தான் போகும்.

உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை முதல் பொருளாக வையுங்கள். கேண்டீன் காப்பிக் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள்: மாதம் எத்தனை கிலோ, யாரிடம் வாங்குகிறோம், என்ன விலை, எவ்வளவு சிக்கரி. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக் கணக்குகளைக் கூட்டி, ஒரே ஆர்டராக, ஒரே முன்பணமாக, பழம் சிவக்கும் முன் மலைக்கு அனுப்புவோம்.

பாலுக்குச் சங்கம் கண்டோம். டிகாஷனுக்கும் காண்போம். எழுந்து வாருங்கள், தோழர்களே!